புரியாத இழுப்பு

மகனே,

நேற்று போனில் நான் உனக்குச் சொன்னது தப்பு. "பெரியவுக சொன்னா போட்டுட்டுப் போவேண்டியதான, ஒனக்கென்ன" என்று சொன்னேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். இடது காது கடலுக்குள்ளேயே போய்விட்டது, உனக்குத் தெரியும். மிச்சமிருக்கிற வலது காதைவிட்டு அந்தச் "சரிப்பா" இன்னும் இறங்கவில்லை. வருகிற திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். இன்றைக்குச் செவ்வாய். கூரியரில் கொடுத்தால் இரண்டு நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். போடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடு.

எனக்கு எழுத்து இல்லை. எப்போதும்போல உன் லூர்து அத்தைதான் எழுதுகிறாள். நான் பேசுகிறபடி எழுதினால் நன்றாக இருக்காதாம். "விஞ்ஞானிக்குப் போற லெட்டர்லா அண்ணே, கொஞ்சம் ஒழுங்கா இருக்கட்டும்" என்று எழுத்துத் தமிழாக மாற்றி எழுதுகிறாள். மாற்றட்டும். ஆனால் யார் எதைப் பேசினார்களோ அதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாமே, கை வலிக்கிறது என்றாள். போனில் சொல்ல முடியாது. நான் சொல்லப்போவது இவளுக்கும் தெரியாத விஷயம். இந்த வரியை எழுதிவிட்டு இப்போது நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். "எனக்குத் தெரியாம ஒங்ககிட்ட என்னண்ணே இருக்கு? ஒளிச்சு பீடி குடிக்கது தெரியும். மாத்திரைய முருங்க மூட்டுல துப்புறது தெரியும்" என்கிறாள். இருக்கிறது. எழுது, தாயி.

போன மாதா திருவிழாவுக்கு நீ வந்திருந்தபோது உன் வேலை என்ன என்று நான் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன், அதற்கும் என்னை மன்னித்துக்கொள். நீ பரணிலிருந்து தங்கூசிச் சுருளை, அந்த நைலான் தூண்டில் நரம்பை எடுத்து, நடைக்கம்பியிலிருந்து ஜன்னல்வரைக்கும் இழுத்துக் கட்டினாய். இந்த மாதிரி ஒரு கண்ணாடி இழைக்குள் ஒளியைப் பொட்டுப் பொட்டாக, ஒவ்வொன்றாக அனுப்புகிறோம் என்றாய். ஒரு பொட்டு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. நடுவில் எவனாவது எட்டிப் பார்த்தால் அந்தப் பார்வை பட்டதுமே அது சாய்வு மாறிவிடும், பழையபடி நிமிர்த்தி வைக்க எவனாலும் முடியாது. அனுப்புவது செய்தியை அல்ல, செய்தியைப் பூட்டுகிற சாவியை. இந்தக் கரையும் அந்தக் கரையும் கொஞ்சத்தை ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள், மாறியிருப்பது ஒரு கோட்டுக்கு மேலே போனால் அந்தச் சாவியைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். இதைக் கேட்டதும் உன் அத்தை, "சாவியத் தூக்கிப் போட்டுட்டா வீட்டுக்குள்ள எப்டிலே போவ?" என்றாள். நீ சிரித்துக்கொண்டே, "திருடன் பாத்த சாவிய வச்சுப் பூட்டுறதுக்கு வெளிய நிக்கலாம் அத்தை" என்றாய். அவள் உன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு மீன் கழுவப் போனாள்.

அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். சாய்வு மாறுகிற அந்த ஆட்டமெல்லாம் திருடனால்தான் வருமா, காற்றில் ஆடாதா என்று. உன் முகம் மாறியது. ஆடும்ப்பா, அதுதான் பெரிய பாடு என்றாய். ரூமுக்குள் வைத்துப் பார்த்தபோது சுத்தமாக வந்தது, வெளியில் கொண்டுவந்து உப்பளத்து ரோட்டோரம் கம்பத்தில் தொங்கவிட்டதும் வெயிலுக்கு நீளுகிறது, காற்றுக்குத் திரும்புகிறது, உப்பு லாரி போனால் நடுங்குகிறது. வந்த ஆட்டம் வெயிலா திருடனா என்று பொட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லாவற்றையும் திருடன் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் சட்டம் என்றாய். நான் எழுந்து வெளியே போனேன். அப்பாவுக்கு விளங்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். விளங்கிவிட்டது, மகனே. உங்கள் ஆபீஸில் எனக்கு விளங்கினதுபோல ஒருவனுக்கும் விளங்கியிருக்காது. அந்தச் சட்டம் எங்கள் வள்ளத்தில் இருந்த சட்டம்.

சங்கு குளிக்க இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். கம்ப்ரஸர் வந்து, காற்று வருகிற ஓஸை வாயில் கடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்த பிறகும் அந்தக் கயிறு போகவில்லை. கீழே இருக்கிறவனுக்குப் பேச்சு அந்தக் கயிறு ஒன்றுதான். ஒரு இழுப்பு இழுத்தால் கயிறு விடு. அடுத்தடுத்து இரண்டு இழுத்தால் தூக்கு. ஒன்றா இரண்டா என்று புரியாத இழுப்பு வந்தாலும் தூக்கு. நீவாடு அடித்தாலும் கயிறு துடிக்கும், கடலுக்குள் ஓடுகிற அந்த ஓட்டத்தின் துடிப்பும் மனிதன் துடிப்பும் மேலே கைக்கு ஒரே மாதிரிதான் வரும். அதனால் யோசிக்காதே, தூக்கு. தூக்கினது வீணாகப் போனால் ஏச்சு கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடிக்க மாட்டார்கள். மச்சான்தான் பிடிப்பான். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, அவன் கண் அசர மாட்டான் என்று அந்தக் காலத்தில் வைத்தது. உன் அத்தையைச் சந்தியாகு மச்சானுக்குக் கட்டிக்கொடுத்த மறுவாரம் வள்ளத்தில் அவரே கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இன்னிலேருந்து நான் ஒம் பொறுப்புலே" என்றார். பதினோரு வருஷம் பிடித்தேன். ஒரே ஒரு நாளைத் தவிர பிசகினதில்லை.

பிசகின அந்த நாளை உனக்குச் சொல்கிறேன். அப்போது உனக்கு ஆறு வயசு. காலையிலேயே நீவாடு கடுமை. ஒன்பது பாகம் ஆழம், அடியில் பாறை. மச்சான் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கயிறு துடித்தது. தூக்கினேன். மேலே வந்து ஓஸைத் துப்பிவிட்டு, "என்னலே?" என்றார். "இழுத்தீயளே மச்சான்" என்றேன். "நான் எங்கலே இழுத்தேன்? நீவாடுலே அது" என்று திரும்ப இறங்கினார். மறுபடியும் துடித்தது. மறுபடியும் தூக்கினேன். இந்தத் தடவை அவருக்குக் கோபம். வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, "மச்சான் கையில கயிறக் குடுத்தேன்னு நெனச்சேன், கொமரிப்பிள்ள கையிலல்லா குடுத்திருக்கேன். ஏலே, ஒந் தங்கச்சிகூட இப்டி என்னைய வீட்டுக்குக் கூப்பிடமாட்டாடா!" என்றார். வள்ளத்தில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். வள்ளத்து டிரைவர் சிரித்துச் சிரித்து இருமினான். மச்சானும் சிரித்துக்கொண்டேதான் மூன்றாவது தடவை இறங்கினார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. அவர் வாய் அப்படி. எனக்கு மட்டும் காது சுட்டது.

மூன்றாவது தடவையும் கயிறு துடித்தது.

நான் தூக்கவில்லை.

இதைச் சொன்னதும் லூர்து பேனாவை மூடிவிட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு மூடுகிற சத்தம்.  நான் நார்க்கட்டிலில் இருந்த இடத்திலேயே இருந்தேன்.  பிறகு அவளாகவே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "சொல்லுங்க" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. இதையும் எழுது என்றேன். எழுதியிருக்கிறாள்.

இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எத்தனையோ தடவை வாய் எடுத்தேன். உனக்குக் கடிதம் என்று சொல்லி இப்போது அவளை உட்கார வைத்திருக்கிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான். இருக்கட்டும். வேறு வழியில் எனக்கு வந்திருக்காது.

துடிப்பு நின்ற பிறகு கயிறு கனமில்லாமல் கிடந்தது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்போதுதான் தூக்கினேன். மச்சான் வந்தார், வாயில் ஓஸ் இல்லை. ஓஸ் பாறை இடுக்கில் மடங்கிக் கிடந்தது என்று பிறகு இறங்கிப் பார்த்தவன் சொன்னான். கரைக்கு வருகிற வழியெல்லாம் டிரைவர் என்னைக் கேட்டான், "இழுக்கவே இல்லையா அண்ணாச்சி?" என்று. "கயிறு சும்மா கெடந்துச்சுடே" என்று சொன்னேன். அதுதான் முதல் பொய். ஒரு தடவை சொன்னதும் அதுவே நடந்ததுபோல ஆகிவிட்டது. மாதா கோயிலில் சாமியாரிடம் சொன்னேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிறவர் கேட்டு, எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். கயிறு அசையவில்லை என்று இருந்தது. கட்டைவிரலை மையில் தொட்டு அதன் கீழே வைத்தேன். அந்த மையோடுதான் மச்சானின் சவப்பெட்டியைத் தூக்கினேன்.

இழுக்காமல் ஒருத்தன் எப்படிச் சாவான் என்று ஊர் கேட்டது. அதற்கு ஊரே ஒரு பதிலும் கண்டுபிடித்தது. சந்தியாகு அடியில் வலம்புரியைக் கண்டிருப்பான், அதை விட்டுவர மனசில்லாமல் நின்றிருப்பான், ஆசை கொன்றுவிட்டது என்று சொன்னார்கள். வலம்புரிச் சங்கு எங்கே கிடைக்கும், லட்சத்தில் ஒன்று. அவர் அப்படிப்பட்ட ஆசைக்காரர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு என்னைக் காப்பாற்றியது. நான் அதை மறுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து நானே அதைச் சொல்ல ஆரம்பித்தேன். நீ சின்னப் பிள்ளையில் இன்னொரு துண்டு மீன் கேட்டு அழுதால், "மாமா மாதிரி ஆசைப்படாதலே" என்று சொல்லியிருக்கிறேன். செத்துப்போன மனுஷனை, என் கையால் செத்த மனுஷனை, உனக்குக் கெட்ட பாடமாக்கிக் காட்டினேன். நான் உனக்குச் செய்ததில் இதைவிட மோசமானது இல்லை.

உன் அத்தை பிள்ளை இல்லாமல் நம் வீட்டுக்கு வந்தாள். உப்பளத்துக்குப் போனாள். உன் இழை இப்போது தொங்குகிறதே, அதே ரோடுதான். வெள்ளை வெயில் அவள் கண்ணைப் பாதி தின்றது. உன் அம்மா போன பிறகு உனக்குச் சோறு போட்டு, கையைப் பிடித்து இங்கிலீஷ் எழுத்துப் பழக்கி, பெரிய படிப்புக்கு ரயில் ஏற்றிவிட்டவள் அவள்தான். மச்சானுக்கு வருஷப் பூசை வைக்கிற நாளில் அவர் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு என்ன சொல்வாள் என்று உனக்கும் ஞாபகம் இருக்கும். "ஒரு இழுப்பு இழுத்திருக்கக் கூடாதா மனுசா? அந்தச் சங்கு என்னையவிடப் பெருசாப் போச்சா?" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பேன். ஒவ்வொரு வருஷமும் அதைக் கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் தின்றேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ நேற்றுச் சொன்னதை என் புத்திக்கு எட்டின அளவில் திருப்பிச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்திக்கொள். வெயிலையும் காற்றையும் சரிக்கட்ட நீங்கள் ஒரு கருவி வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகும் ஒரு ஆட்டம் மிச்சம் இருக்கிறது. உன் ஆபீஸ் பெரியவர் அது உப்பு லாரி என்கிறார். தெரிந்த ஆட்டம் என்று எழுதிக் கழித்துவிடு, கழித்தால் கோட்டுக்குக் கீழே வந்துவிடும், லைன் பாஸ் என்கிறார். நீயோ, லாரி ஓடாத ஞாயிற்றுக்கிழமையும் அது வருதுப்பா என்கிறாய். இன்னும் இரண்டு மாசம் கொடுங்கள், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிறேன் என்று கேட்டதற்கு, திறப்பு விழாவுக்கு ஆள் வருகிறார்கள், நேரமில்லை என்றுவிட்டார்கள். இங்கே கழித்ததையே அளவாக வைத்து மற்ற ஊர்களுக்கும் லைன் இழுப்பார்கள். இந்த லைனில் வருகிற சாவியால் முதலில் பூட்டப்போவது கடலில் எந்தப் படகு எங்கே நிற்கிறது என்கிற செய்தி. நீ போடாவிட்டால் வேலையிலிருந்து உன்னை எடுத்துவிட்டு, போடுகிறவனை வைப்பார்கள். எட்டு வருஷ உழைப்பு வேறு ஒருவன் பேரில் போகும்.

அதையும் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னாய். மீட்டிங்கில் இரண்டு தடவை நீ லைனை நிறுத்தச் சொன்னாயாம், இரண்டு தடவையும் அது வெறும் காற்று என்று தெரிந்ததாம். மூன்றாவது தடவை நீ வாய் திறந்ததும் எல்லாரும் சிரித்தார்களாம். "எனக்கே வெக்கமாப் போச்சுப்பா" என்றாய். மகனே, அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கிறேன். என் கையில் கயிறு இருந்தது. அதைக் கேட்டும் நேற்று உன்னிடம் "போட்டுட்டுப் போ" என்று சொன்னேனே, ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். போடாதே என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கு இதையெல்லாம் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து உன்னையும் என்னைப்போல ஆக்கிவிடப் பார்த்தேன்.

அது திருடன்தான் என்று நான் சொல்லவில்லை. லாரியாகவே இருக்கலாம், தூரத்தில் ஓடுகிற ஏதாவது மோட்டாராக இருக்கலாம். அன்றைக்கு என் கைக்கு வந்ததுகூட நீவாடாக இருந்திருக்கலாம் என்று எத்தனையோ நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது கணக்கில் வராது. எனக்குத் தெரியாது என்பதுதான் நடந்தது. தெரியாததைத் தெரியும் என்று வைத்துக்கொண்டேன், பிறகு அதன் கீழே விரலை வைத்தேன். நீயும் அப்படி வைக்காதே. உன் பெயரை எழுத உனக்குத் தெரியும். கட்டைவிரலை வைக்கிறவனுக்காவது எழுதினவன் மேல் பழி போட ஒரு வழி உண்டு. உனக்கு அதுவும் இல்லை. வேலை போனால் போகட்டும் என்று சுலபமாகச் சொல்ல மாட்டேன், உன் பாடு எனக்குத் தெரியும். போகத்தான் செய்யும். போன பிறகு உனக்கு நன்றி சொல்ல ஒருத்தனும் வர மாட்டான். வீணாகத் தூக்கினவனை ஏசுவார்கள், சரியாகத் தூக்கினவனை யாரும் ஞாபகம் வைப்பதில்லை, ஏனென்றால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனாலும் தூக்கு. இதைத் தவிர உனக்குச் சொல்ல என்னிடம் வேறு புத்திமதி இல்லை.

லூர்து எழுதுவதை நிறுத்தி ஒன்று கேட்கிறாள். முகத்தைத் தாளைவிட்டு எடுக்காமல் கேட்கிறாள். "எத்தன தடவ இழுத்தாரு?"

ஒரு தடவை என்று இத்தனை வருஷமும் எனக்கே சொல்லி வைத்திருந்தேன். உனக்கும் துடித்தது என்று மட்டும்தான் மேலே சொன்னேன். ஒன்று வந்தது. இரண்டாவது வருமா என்று கையை இறுக்கிக்கொண்டு நின்றேன். டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டாவதும் வந்தது. தாமதமாக, மெலிசாக வந்தது. இரண்டு ஒற்றையா, ஒரு இரட்டையா என்று நான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு, லூர்து. எழுது. இரண்டு தடவை.

கடிதத்தை வாசித்துக் காட்டவா என்று கேட்கிறாள். வேண்டாம். இவள் எதை எழுதினாள், எதை விட்டாள் என்று பார்க்க எனக்குக் கண் இல்லை, உன் கருவி மாதிரி ஒன்றும் என்னிடம் இல்லை. எழுதினதைப் போட்டுவிடட்டும். திங்கட்கிழமை முடிந்ததும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். முதலில் அவளிடம் பேசு.

அப்பா

*

எய்யா, இது அத்தை எழுதுகிறேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இனி அவருக்குக் கடிதம் எழுத நான் உட்கார மாட்டேன், நீ வேறு ஆள் பார்த்துக்கொள். சோறு போடுவேன், அதற்குக் கவலைப்படாதே. கையெழுத்துப் போடாதே.

உன் மாமா படத்தை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். இருபத்தெட்டு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன், ஒரு இழுப்பு இழுத்திருக்கக் கூடாதா என்று. இழுத்திருக்கிறார். இரண்டு தடவை.